தலைச்சோலை மழையைப் பங்கு போடுவது எப்படி?

ஒரே மலை, நான்கு ஆறுகள், இரண்டு வடிநிலங்கள்... சேர்வராயன் மலைத் தண்ணீருக்கு ஒரு கணக்கு!

ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ஒன்று தலைச்சோலை. இந்தப் பகுதி முழுக்க காபித் தோட்டங்கள். காபிக்கு நிழலாக சில்வர் ஓக், அதன்மேல் ஏறிய மிளகுக்கொடி. இங்கே ஓங்கி ஒரு மழை பெய்துவிட்டால், அடிவாரத்தில் இருக்கும் விவசாயிக்கு உடனே தெரிந்துவிடும். அவர் காட்டில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. ஆனால், ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். ‘மேலே மழை’ என்பார். அவ்வளவுதான் அவரிடம் இருக்கும் தகவல்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு, முதலில் எந்த ஏரிக்குப் போக வேண்டும், அது நிரம்பிய பிறகு யாருக்கு விட வேண்டும், மழை குறைந்த ஆண்டில் யார் எவ்வளவு விட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்கு எழுதி வைத்த கணக்கு பெரும்பாலான ஏரிகளில் கிடையாது. வெள்ளம் வந்த அன்று மதகடியில் கூடி நின்று சண்டை போடுவதும், வறண்ட ஆண்டில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பதும்தான் நடைமுறையாக இருக்கிறது. தண்ணீர் வந்த பிறகு பங்கு பேசினால் சண்டைதான் மிஞ்சும். வருவதற்கு முன்பே பேசி வைத்தால்தான் அது திட்டம். சேர்வராயன் மலையையும் அதன் அடிவாரத்தையும் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

ஒரு மலை, நான்கு ஆறுகள்

சேர்வராயன் கோயில் இருக்கும் மலை உச்சி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 5,300 அடி உயரம். சேலம் நகரம் இருப்பதோ சுமார் 900 அடி உயரத்தில். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. தண்ணீருக்கு அந்தச் சிரமம் இல்லை. செங்குத்தான சரிவில் சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது.

மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. சேலம் சமவெளியில் இது ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர்தான். ஒரு ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அப்படியென்றால், மலையில் ஒவ்வொரு ஏக்கரிலும் ஆண்டுக்கு 60 லட்சம் லிட்டர் விழுகிறது. இதில் ஒரு பகுதியை மரங்களும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு பகுதி பாறை இடுக்குகளில் இறங்கி, பிறகு ஊற்றாகக் கசிகிறது. மிச்சம் ஓடையாக இறங்குகிறது.

அந்த ஓடைகள் நான்கு ஆறுகளாகப் பிரிகின்றன. மஞ்சவாடிப் பகுதியில் தொடங்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து, பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில் சேர்கிறது. மலையின் மேற்குச் சரிவில் பிறக்கும் சரபங்கா, டேனிஷ்பேட்டை, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தொப்பையாறு, தொப்பூர் பக்கமாக இறங்கி மேட்டூர்ப் பகுதியில் காவிரியை அடைகிறது. வடக்கே இறங்கும் வாணியாறு மட்டும் வேறு திசை. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களைத் தொட்டு, தென்பெண்ணையில் கலக்கிறது.

மலை முகட்டில் இந்தப் பக்கம் விழும் மழை காவிரியோடு சேர்ந்து டெல்டாவுக்குப் போகிறது. நாலு அடி தள்ளி அந்தப் பக்கம் விழும் மழை, தென்பெண்ணையோடு கடலூர் பக்கம் போகிறது. சேலம், தருமபுரி, நாமக்கல் என மூன்று மாவட்ட விவசாயிகள் இந்த ஒரே மலையை நம்பி இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் பற்றிப் பேசும் வாய்ப்பு அநேகமாக இல்லை. மாவட்ட அளவிலான விவசாயிகள் குறைதீர் கூட்டம் உண்டு. அது மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். தண்ணீர் அந்த எல்லையில் நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் ஆறுகளை 17 பெரிய வடிநிலங்களாகவும், 127 உபவடிநிலங்களாகவும் அரசு பிரித்து வைத்திருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு 2007-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நீர்வள நிலவளத் திட்டம், இந்த உபவடிநிலங்களை அடிப்படையாக வைத்துத்தான் தீட்டப்பட்டது. பொதுப்பணித்துறை, வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், மீன்வளம், கால்நடை பராமரிப்பு எனப் பல துறைகளை ஒரே ஆற்றுப் பகுதியில் சேர்த்து வேலை செய்ய வைத்தது அந்தத் திட்டம். திட்டக் காலம் முடிந்ததும் துறைகள் பழையபடி தனித்தனி வழிக்குப் போய்விட்டால், வாய்க்காலைச் சீரமைத்ததன் பலன் மட்டுமே மிஞ்சும். சேர்ந்து திட்டமிடும் பழக்கம் மிஞ்சாது.

காவிரிப் பங்கில் இந்த மழையும் உண்டு!

காவிரி என்றாலே கர்நாடகம் திறந்துவிடும் தண்ணீர்தான் பேச்சு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. இதில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. மட்டுமே. மீதி 227 டி.எம்.சி. எங்கிருந்து வரும்? பிலிகுண்டுலுவுக்குக் கீழே காவிரியில் சேரும் பவானி, நொய்யல், அமராவதி போன்ற ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் இருந்துதான். சரபங்காவும் திருமணிமுத்தாறும் தொப்பையாறும் அந்தக் கணக்கில்தான் அடங்குகின்றன.

அதாவது, தமிழ்நாட்டின் பங்கில் பாதிக்கும் மேல், எல்லையைத் தாண்டிய பிறகு கிடைக்க வேண்டிய தண்ணீர். எல்லைக்கு அப்பால் இருந்து வர வேண்டியதைக் கேட்டுப் போராடுவது நியாயம். அதே அக்கறை, ஏற்காட்டு மலையில் இருந்து இறங்கும் தண்ணீரிலும் இருக்க வேண்டும். அதை மாதவாரியாக அளந்து கேட்பதற்கு எந்த ஆணையமும் இல்லை. நாமேதான் அளக்க வேண்டும்.

ஓடிப்போன தண்ணீர்

2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏற்காட்டிலும் 20 சென்டிமீட்டருக்கு மேல். மலைச் சாலைகளில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் புரண்டது. தென்பெண்ணை நீர்ப்பிடிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளம் இறங்க, சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின.

இப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தத் தடுப்பணையும் ஏரியும் முழுதாகப் பிடித்துவிட முடியாது. ஆனால், பிடிக்கக்கூடிய பங்கையாவது பிடித்தோமா என்பதுதான் கேள்வி. வரத்து வாய்க்கால் தூர்ந்துபோய், ஆக்கிரமிப்பில் குறுகி, ஏரிக்குள் சீமைக்கருவேல மரம் மண்டிக் கிடந்தால், மேலே எவ்வளவு பெய்தாலும் ஏரிக்கு வருவது கால்வாசிதான். நான்கு மாதம் கழித்து அதே ஊரில் கிணற்றுக்கு ஆழம் எடுக்க வண்டி வந்து நிற்கும்.

மேட்டூரில் இருந்து ஏறி வரும் தண்ணீர்

சரபங்கா வடிநிலத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. மலையில் இருந்து தானாக இறங்கி வர வேண்டிய தண்ணீர் போதாமல், மேட்டூர் அணையில் இருந்து மோட்டார் வைத்து ஏற்றி, ஏரிகளை நிரப்பும் திட்டம் அங்கே வந்திருக்கிறது.

மேட்டூர் உபரிநீரை சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. திப்பம்பட்டியில் இருந்து நீரேற்றி, எம்.காளிப்பட்டி ஏரி வழியாக மற்ற ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களில் 4,238 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பலன் என்பது திட்டத்தின் கணக்கு. எடுக்க வேண்டிய தண்ணீர் 0.555 டி.எம்.சி.

இந்த எண்களை ஒரு விவசாயி எப்படிப் படிக்க வேண்டும்? ஒரு டி.எம்.சி. என்பது 1,000 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி தண்ணீரை நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் 23 ஏக்கருக்கு வரும். 0.555 டி.எம்.சி. என்றால் 555 மில்லியன் கன அடி. 4,238 ஏக்கருக்கும் பிரித்தால், ஏக்கருக்கு 3 அடி உயரத் தண்ணீர். ஆவியாவதும் கசிவதும் போக, வயலுக்கு வருவது அதிலும் குறைவு. நெல்லுக்கு 4 அடிக்கு மேல் தேவை. ஆக, முழு அளவு தண்ணீர் வந்தாலும் மொத்த ஆயக்கட்டுக்கும் நெல் போட முடியாது. ராகி, மக்காச்சோளம், நிலக்கடலை, குச்சிக்கிழங்கு என்றால் போதும். கசிந்த தண்ணீர் வீண் இல்லை. சுற்றியுள்ள கிணறுகளில் அது ஏறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது உபரிநீர். அணை நிரம்பி, மேலும் தண்ணீர் வரும்போதுதான் எடுக்க முடியும். 2024-ல் தண்ணீர் இல்லாததால் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அடுத்த இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அணை 120 அடியை எட்டியது. உபரி என்பது இப்படித்தான் வரும். திடீரென வரும், சில நாள்களில் போய்விடும். அந்தச் சில நாள்களில் வாங்கிக்கொள்ள ஏரியும் வாய்க்காலும் தயாராக இல்லாவிட்டால், 565 கோடி ரூபாய்க் குழாயும் மோட்டாரும் இருந்து பயனில்லை.

இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பும் வந்தது. குழாய் பதிக்க நிலம் கொடுக்க வேண்டியவர்கள் கேள்வி எழுப்பினார்கள். மேட்டூர் தண்ணீர் தங்கள் பாசனத்துக்கானது என்று டெல்டா விவசாயிகள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ‘உபரி’ என்றால் எந்த நீர்மட்டத்தில், எத்தனை நாள், எவ்வளவு என்பது அனைவருக்கும் தெரியும்படி எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இருந்தால் டெல்டாக்காரருக்கும் பயம் இருக்காது, சரபங்கா விவசாயிக்கும் கெஞ்சும் நிலை இருக்காது.

மலைக்கும் தாகம் உண்டு

சமவெளியில் நின்று பார்த்தால், மலை என்பது தண்ணீர் தரும் இடம். மலையில் இருப்பவருக்கோ மாசி, பங்குனியில் தண்ணீர்தான் கவலை. காபிச் செடி பூக்க, அந்த நேரத்தில் ஒரு ‘பூ மழை’ தேவை. சுமார் ஓர் அங்குலம் பெய்தால்தான் மொட்டு ஒன்றாக விரியும். பிறகு காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். பூ மழை தவறினால் ஸ்பிரிங்ளர் போட்டாவது நனைக்க வேண்டும். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 1 லட்சம் லிட்டர். ஊற்றையும் ஓடையையும் தேக்கி எடுக்கும் இந்தத் தண்ணீர், அதே மாதங்களில் கீழே இருக்கும் மலைக் கிராமத்தின் குடிநீராகவும் இருக்கும். காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவும் தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால், கீழே இருப்பவருக்கு அதுவும் பாதிப்பு.

சுற்றுலாவும் சேர்ந்துகொள்கிறது. கோடை விடுமுறையில் விடுதிகள் நிரம்பும்போதுதான் ஊற்றுகள் வற்றுகின்றன. சமவெளிப் பாசனத்துக்கென்று ஒரு திட்டம் போட்டு, மலைக் கிராமங்களை ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்தத் திட்டம் தலை இல்லாத உடம்புதான்.

மலை விவசாயி செய்யும் வேலையால் கீழே இருப்பவருக்கு நேரடிப் பலன் உண்டு. காபித் தோட்டத்தில் செடி வரிசைகளுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக எடுக்கும் தொட்டில் குழிகள், மழையை நிறுத்தி மண்ணுக்குள் அனுப்புகின்றன. நிழல் மரமும் சருகு மூடாக்கும் மண் கரையாமல் தடுக்கின்றன. மலையில் தங்கும் மண், அடிவார ஏரியில் வண்டலாகச் சேராது. மலையில் இறங்கும் தண்ணீர், தை மாதத்தில் ஓடையில் கசிவாக வரும். அப்படியானால், தொட்டில் குழி எடுக்கும் செலவில் சமவெளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஏரியில் தூர் வாரச் செலவழிக்கும் பணத்தில் சிறு பகுதியை மலைக்கு அனுப்பினால், தூர் வாரும் தேவையே குறையும்.

பழைய ஆயக்கட்டா... புதிய ஆயக்கட்டா?

வாணியாற்றில், மலையடிவாரத்தில் இருக்கும் முள்ளிக்காட்டில் அணை கட்டியிருக்கிறார்கள். உயரம் 65.27 அடி. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் 10,000 ஏக்கருக்கும் மேல் இதை நம்பி இருக்கிறது. தொப்பையாறு அணையை நம்பி 5,000 ஏக்கருக்கும் மேல். ஏற்காட்டில் மழை என்று செய்தி வந்தால், இந்த இரண்டு அணைகளின் நீர்மட்டத்தைத்தான் அங்கே முதலில் விசாரிப்பார்கள்.

வாணியாற்றில் அணை கட்டும் முன்பே ஆற்றுத் தண்ணீரால் நிரம்பிய ஏரிகள் உண்டு. வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை எனத் தொடரும் ஏரிகளின் பாசனம் பழைய ஆயக்கட்டு. அணை வந்த பிறகு இடது, வலது கால்வாய்களில் பாசனம் பெறுவது புதிய ஆயக்கட்டு. பழையவருக்கு உரிமை முந்தியது. புதியவர் அணையை நம்பித் தோட்டம் போட்டிருக்கிறார். அணை நிரம்பிய ஆண்டில் இருவருக்கும் பிரச்னை இல்லை. பாதி நிரம்பிய ஆண்டில்தான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் தேடினால், அணைத் தண்ணீரைத் திறப்பதற்குள் பட்டம் தவறிவிடும். கால் அணை, அரை அணை, முக்கால் அணை, முழு அணை என நான்கு நிலைகளுக்கும் யாருக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால், விதைப்பை நம்பிக்கையோடு தொடங்கலாம்.

அளவு இருந்தும் உதவாத ஆறு

திருமணிமுத்தாற்றின் சிக்கல் வேறு. இந்த ஆற்றில் பல மாதங்கள் தண்ணீர் ஓடுகிறது. ஆனால், அதில் சேலம் நகரத்துச் சாக்கடையும், சாயக் கழிவும், ஆலைக் கழிவும் கலந்திருக்கிறது. தண்ணீர் இருந்தும் நம்பிப் பாய்ச்ச முடியாத நிலையில் கீழே இருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். பங்கீட்டுக் கணக்கில் அளவை மட்டும் எழுதினால் போதாது, தரத்தையும் எழுத வேண்டும் என்பதற்கு இந்த ஆறே சாட்சி.

நகரத்துக்குள்ளேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. ஏற்காட்டு அடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை 2010-ம் ஆண்டு சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. மக்களிடம் நிதி திரட்டி, ஏரியை ஆழப்படுத்தி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே சிறு திட்டுகளாகக் குவித்து, மரம் நட்டார்கள். மண்ணை வெளியே கொண்டு போகும் செலவு மிச்சமானது. திட்டுகளில் பறவைகள் வந்தன. மலைத் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஏரி தயாரானது.

மற்றவர்கள் எப்படிப் பங்கு போடுகிறார்கள்?

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது. அதனால், ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு மண்டலம் என்று சுற்று வைத்திருக்கிறார்கள். ‘எப்போது நம் முறை’ என்பது விவசாயிக்குத் தெரியும். மற்ற காலத்தில் மானாவாரியோ தென்னையோ பார்த்துக்கொள்கிறார்.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் ‘பெத்ம’ என்றொரு பழைய முறை உண்டு. குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில், மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தில் மட்டும் பயிர் வைப்பார்கள். ஆனால், அந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் மட்டும் உழுவதில்லை. கடைமடைக்காரருக்கும் அந்தப் பருவத்துக்கு அதில் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். தண்ணீர் குறையும்போது நிலத்தையும் சேர்த்துப் பங்கு போடும் பெருந்தன்மை அது.

மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில், ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, ஊர் கூடித் தண்ணீர் வரவு செலவு போடுகிறார்கள். குடிநீருக்கும் கால்நடைக்கும் எடுத்து வைத்த பிறகுதான் பயிர். மழை குறைந்தால் பயிரும் மாறும். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்ற கட்டுப்பாட்டையும் ஊரே போட்டுக்கொண்டது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 2000-ம் ஆண்டுச் சட்டப்படி ஆற்றுப் பகுதி வாரியாக நீர்ப் பங்கீட்டுத் திட்டம் எழுதப்படுகிறது. ஆற்றுக்கு உயிர்த் தண்ணீர் முதலில். குடிநீரும் வீட்டுத் தேவையும் அடுத்து. பிறகுதான் பாசன உரிமங்கள். அணையில் இருக்கும் அளவைப் பார்த்து, ‘இந்தப் பருவத்தில் உங்கள் பங்கில் இத்தனை சதவிகிதம்’ என்று அறிவிப்பார்கள். ஏறினால் எல்லோருக்கும் ஏறும், குறைந்தால் எல்லோருக்கும் குறையும்.

நான்கு இடங்களிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். தண்ணீர் வருவதற்கு முன்பே விதி இருக்கிறது.

ஒரு ஏரிக்கு ஒரு கணக்கு

பெரிய திட்டம் அரசு போடட்டும். ஓர் ஏரியின் கணக்கை அந்த ஊர் விவசாயிகளே போடலாம். 10 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஓர் ஏரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. கொள்ளளவு: 10 மில்லியன் கன அடி என்றால் 230 ஏக்கர்-அடி. வண்டலால் ஏரியின் ஆழம் குறைந்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். நீர்வளத்துறைப் பதிவேட்டில் இருப்பது ஏரி கட்டியபோது இருந்த அளவாக இருக்கலாம்.

2. இழப்பு: ஆவியாதலுக்கும் கசிவுக்கும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குவோம். பாசனத்துக்கு மிஞ்சுவது சுமார் 150 ஏக்கர்-அடி.

3. பயிர்: நெல்லுக்கு 4 அடி என்றால் 37 ஏக்கர். நிலக்கடலை, மக்காச்சோளம் போன்ற பயிர்களுக்கு ஒன்றரை அடி என்றால் 100 ஏக்கர். ஆயக்கட்டு 100 ஏக்கராக இருந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தனி விவசாயியின் முடிவு அல்ல, ஊரின் முடிவு.

4. வரிசை: மேல் ஏரி எந்த மட்டத்துக்கு வந்ததும் கீழ் ஏரிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதைக் கல்லில் குறியிட்டு வைக்கலாம். ஏரி கோடி போகும்வரை காத்திருந்தால், கடைசி ஏரிக்குச் சில ஆண்டுகளில் சொட்டும் வராது.

5. பஞ்ச விதி: ஏரி பாதிக்குக் கீழ் இருந்தால் நெல் கிடையாது, கால்வாசிக்குக் கீழ் இருந்தால் கால்நடைக்கும் கிணற்று ஊறலுக்கும் மட்டும் என்பது போன்ற விதியை நல்ல மழை பெய்த ஆண்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பஞ்சத்தில் பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம் 2000-ம் ஆண்டே வந்துவிட்டது. ஆயக்கட்டு நிலம் வைத்திருப்பவர்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, தலைவரைத் தேர்தல் மூலம் தேர்வு செய்ய அது வழி செய்கிறது. ஒவ்வோர் ஏரிச் சங்கமும் தன் கணக்கை எழுதி, மேல் ஏரிச் சங்கத்தோடும் கீழ் ஏரிச் சங்கத்தோடும் ஒப்பிட்டால், அதுவே வடிநிலத் திட்டத்தின் முதல் பக்கம். அந்தக் கூட்டத்தில் மலைக் கிராமத்துக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

‘‘எங்கள் ஏரிக்கு வரும் ஓடையில் மேலே தடுப்பணை கட்டுகிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் குறைந்துவிடுமா?’’

ஒரு தடுப்பணையால் பெரிதாகக் குறையாது. 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 750 கன மீட்டர். அதாவது, சுமார் 26,500 கன அடி. 10 மில்லியன் கன அடி ஏரியோடு ஒப்பிட்டால் 350-ல் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், வரிசையாகப் பல தடுப்பணைகள் வந்தால், மழை குறைந்த ஆண்டில் பாதிப்பு தெரியும். எத்தனை தடுப்பணை, மொத்தக் கொள்ளளவு என்ன என்று கேட்டு வாங்கி, உங்கள் ஏரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘‘கிணற்றுப் பாசனம் மட்டுமே செய்கிறோம். ஏரிக் கணக்கில் எங்களுக்கு என்ன வேலை?’’

சேலம், தருமபுரி பகுதி கடினப் பாறை நிலம். மழைநீரும் ஏரி நீரும் பாறை வெடிப்புகளில் இறங்கித்தான் கிணறு ஊறுகிறது. ஏரி நின்றால் கிணறு நிற்கும். ஆகவே, ஏரியைச் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களும் பராமரிப்பில் பங்கெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதி வைத்தால், ஏரிக் கணக்குக்கு அது பெரிய உதவி.

‘‘பூ மழைக்கு மாற்றாக மலைத் தோட்டத்தில் குட்டை வெட்ட நினைக்கிறோம். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?’’

இரண்டு ஏக்கர் காபிக்கு இரண்டு முறை ஓர் அங்குலம் கொடுக்க 4 லட்சம் லிட்டர் வேண்டும். மேல்மட்டத்தில் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், சாய்வுக் கரைகளுடன் வெட்டினால் சுமார் 4.5 லட்சம் லிட்டர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளத்தில் நிரப்பிக்கொண்டால், பங்குனியில் ஓடையைத் தொட வேண்டியதில்லை. செங்குத்துச் சரிவிலும் மண் சரிவு அபாயம் உள்ள இடத்திலும் வெட்டக் கூடாது. இடம் பார்க்க வேளாண் பொறியியல் துறையை அணுகுங்கள்.

‘‘ஏரி வண்டலை நிலத்துக்கு எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?’’

2024-ல் விதிகள் எளிமையாக்கப்பட்ட பிறகு, வட்டாட்சியரே அனுமதி அளிக்கிறார். விவசாயத்துக்குக் கட்டணம் இல்லை. நஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். அனுமதி பெற்ற ஏரியில், குறித்துக் கொடுத்த இடத்தில், சீரான ஆழத்துக்கு எடுக்க வேண்டும். கரை ஓரத்திலும் மதகுக்குப் பக்கத்திலும் தோண்டினால் ஏரிக்கே ஆபத்து.

தலைச்சோலையில் அடுத்த மழை பெய்யும்போதும் அடிவாரத்து விவசாயி ‘மேலே மழை’ என்றுதான் சொல்வார். அதோடு சேர்த்து, ‘நம்ம ஏரிக்கு இவ்வளவு வரும், கீழ ஏரிக்கு இந்த மட்டத்துல விடணும்’ என்று அவரால் சொல்ல முடிந்தால், அந்த வடிநிலத்துக்குத் திட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம்.